காங்கேயம் பஸ்ஸில் ஓடிய ஆங்கிலக் கேசட்

1995 ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்தக் கவர் வந்தது. சிங்காநல்லூர் வீட்டு வாசலில் நின்றபடியே பொற்கொடி பிரித்தாள். ஆங்கிலப் பரீட்சையின் முடிவு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்பது 'பேண்டு' உச்சம். படிப்பதில் ஏழு. எழுதுவதில் ஏழு. பேசுவதில் ஏழு. கேட்பதில் ஐந்தரை.

"எதுல அஞ்சரை?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான் அவள் கணவன் கதிரேசன். கோவைக்கும் காங்கேயத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர்.

"கேக்கறதுலதானுங்க. லிசனிங்."

"காது நல்லாத்தான கேக்குது உனக்கு? நான் வாய்க்குள்ள முனகுனாக்கூட அடுப்படியில இருந்து பதில் சொல்றே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. நான்கு பகுதியிலும் ஏழு வாங்கி அனுப்பினால் போதும், வருடக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று கடிதத்தில் இருந்தது. ஒரே ஒரு பகுதி காலை வாரிவிட்டது.

பொற்கொடிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. காரமடைப் பக்கம் வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போன காளிச்சாமிக்கும் மாரியாத்தாளுக்கும் மூத்த மகள். நர்சிங் படித்து முடித்து எட்டு வருடமாகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை ஆங்கிலத்திலேயே எழுதி, ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகியவள். கேட்கும் பரீட்சைதான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்துத்தான் மெட்ராஸுக்கு ரயில் ஏறியிருந்தாள்.

அங்கே மேசை மேல் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்து பட்டனை அழுத்தினார்கள். எல்லாமே ஒரே ஒரு தடவைதான் வரும். கேட்டுக்கொண்டே நாற்பது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக அவள் கேட்டதெல்லாம் தமிழர்களும் மலையாளிகளும் பேசிய ஆங்கிலம். வெள்ளைக்காரர் வாயிலிருந்து வரும் ஆங்கிலத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள். ஒருவன் போன் நம்பர் சொன்னான். நடுவில் "டபுள் ஃபோர்" என்றதை வாய்க்குள்ளேயே உருட்டினான். டபுளா, ட்ரபுளா, அது என்ன நம்பர் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஐந்து கேள்விக்கான பதில்கள் போயே போய்விட்டன.

மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நவம்பர் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, அடுத்த பரீட்சை. பொற்கொடி காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

பல பரீட்சைகள் அடங்கிய பயிற்சிக் கேசட்டுகள் மூன்று, கூடவே ஒரு கேள்விப் புத்தகம். வெளிநாடு போன ஒரு நர்ஸ் மருத்துவமனையில் விட்டுப்போனவை; கேசட்டுகளை மற்ற நர்சுகளுக்காகத் திருப்பி வைக்க வேண்டும். உக்கடத்தில் ரசாக் என்பவரின் ரெக்கார்டிங் கடை இருந்தது. பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒரே கேசட்டில் பதிந்து தருவார். பொற்கொடி அவரிடம் கேசட்டுகளைப் பிரதி எடுக்கக் கொடுத்தாள். முதல் இரண்டு உடனே கிடைத்தன. கதிரேசனுடைய அண்ணன் வீட்டுப் பரணில் மூன்று வருடமாகக் கிடந்த ஒரு டேப் ரெக்கார்டரைத் தூசி தட்டி இறக்கினார்கள்.

முதல் பயிற்சியில் இருபத்தெட்டு. இரண்டாவதில் முப்பத்திரண்டு. மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பதுக்கு முப்பத்தாறு. பொற்கொடி பேனாவை வீசிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க! முப்பத்தாறுங்க! எட்டு பேண்டே வந்துரும்!"

"நான்தான் சொன்னேனே, மெட்ராஸ்ல உனக்கு ஜலதோசம் புடிச்சிருக்கும். காது அடைச்சிருக்கும்" என்றான் கதிரேசன்.

அந்த மகிழ்ச்சியோடுதான் மூன்றாவது கேசட்டை வாங்க உக்கடம் போனாள். இரண்டாவது கேசட்டில் ஓர் இடத்தில் நாடா சிக்கியிருந்தது. அதையும் எடுத்துப் போயிருந்தாள். ரசாக் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து தன் பெரிய டெக்கில் போட்டார். உள்ளிருந்து ஒரு பெண் கடகடவென்று பேசினாள்.

"பாய், இது வேற கேசட்டுங்க" என்றாள் பொற்கொடி.

"உங்க கேசட்தான் சிஸ்டர். இப்பத்தான உங்க கையில இருந்து வாங்கினேன்."

"இல்லீங்க. என்னுதுல மிஸஸ் பார்ட்டன்னு ஒரு வயசானவங்க பேசுவாங்க. ஆம்பளக் குரலாட்டம் கட்டையா இருக்கும். மெதுவாப் பேசுவாங்க."

அப்போது டெக்கிலிருந்து அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள். மிஸஸ் பார்ட்டன். இளம் குரல், கிளி மாதிரி.

ரசாக்குக்குப் புரிந்துவிட்டது. கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிஸ்டர், உங்க வீட்டு டேப்புல பெல்ட் தளர்ந்துபோச்சு. மெதுவா ஓடுது. நீங்க மூணு வாரமா ஸ்லோ மோஷன்ல படிச்சிருக்கீங்க!"

பொற்கொடிக்கு முகம் சிவந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மூன்றாவது கேசட்டில் ஒரு பரீட்சையை முழுதாக எழுதிப் பார்த்தாள். இருபத்தொன்று. மெட்ராஸில் நின்ற அதே இடம். மூன்று வாரம் வீண்.

அவள் விடையைத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்த ரசாக், "ஒண்ணு செய்யட்டுமா?" என்றார். "இந்த டெக்குல வேகத்தைக் கூட்ட ஒரு குமிழ் இருக்கு. மூணையும் லேசா, ஒரு நூல் வேகமா வெச்சுப் பதிஞ்சு தாரேன். உங்க டேப்புக்குப் புது பெல்ட்டும் போட்டுடறேன். இதுல காது பழகிட்டா, பரீட்சையில அவங்க பேசறது நிதானமாத் தெரியும்."

யோசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அந்த வேகக் கேசட் அவளை ஓட ஓட விரட்டியது. பதினான்கு. பதினாறு. மறுபடி பதினான்கு. ஒரு வார்த்தையைப் பிடித்து எழுதுவதற்குள் பத்து வார்த்தை தலைக்கு மேல் பறந்துபோயிற்று. செப்டம்பர் முடிந்துவிட்டது.

"நாளைக்கு உனக்கு மத்தியான டூட்டிதான? காலைல எங்கூட வண்டியில வா. காங்கேயம் போயிட்டுத் திரும்பினா பத்தரைக்கு ஊட்டுக்கு வந்துரலாம். காத்தாட வந்தீன்னா மூஞ்சி தெளியும்" என்றான் கதிரேசன்.

மறுநாள் காலை ஆறு மணி வண்டியில் ஓட்டுநர் அங்கப்பனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அங்கப்பனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாட்டு இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஸ்பீக்கர் அலற, என்ஜின் உறும, கதிரேசன் படிக்கட்டில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவினான். அவன் கூவலில் பெயர் பாதிதான் இருக்கும். சூலூர் தாண்டியதும் "ரணம்பேட்ட ரணம்பேட்ட" என்று இரண்டு முறை கத்தி விசில் கொடுத்தான். வண்டி நின்று கிளம்பியது.

ஒரு கிலோமீட்டர் போனபிறகு, மடியில் பெரிய பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். சீனிவாசலு என்று பெயர், ஹைதராபாத்திலிருந்து விசைத்தறி உதிரிபாகம் விற்க வந்தவர். "காரணம்பேட்டை எப்போ வருதுங்க?" என்று திக்கித் திக்கித் தமிழில் கேட்டார்.

"அடக் கடவுளே, தாண்டிருச்சுங்களே சார். ரெண்டு வாட்டி கத்துனேனே!"

"நீங்க ஏதோ ரணம் ரணம்னீங்க. காரணம்பேட்டைனு சொல்லவே இல்லியே!"

"பரவால்லீங்க. அடுத்தது பல்லடம். அங்க எறங்கி எதுத்தாப்புல நிக்கற வண்டியில திரும்பிக்கங்க."

சீனிவாசலுவுக்கு மனசு ஆறவில்லை. எப்போது சொன்னீர்கள், எத்தனை தடவை சொன்னீர்கள், பெயரை முழுதாகச் சொல்ல வேண்டாமா என்று பக்கத்திலிருந்தவரிடமும் முறையிட்டுக்கொண்டே வந்தார். வண்டி பல்லடம் வந்து நின்றது. அவர் இன்னும் காரணம்பேட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கதிரேசன் அவர் தோளைத் தொட்டான். "சார், போன ஸ்டாப்பு போச்சுங்க. வண்டி பின்னால போகாது. அதையே நெனைச்சுட்டு இருந்தீங்கன்னா இந்த ஸ்டாப்பும் போயிரும். எறங்குங்க சார், வெசையா எறங்குங்க!"

பெட்டியோடு அவர் இறங்கியதைப் பார்த்தபடி இருந்த பொற்கொடிக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. அந்த மனிதர் அவள்தான். "டபுள் ஃபோர்" என்பதையே பிடித்துக்கொண்டு தொங்கி, அடுத்த ஐந்து ஸ்டாப்பையும் விட்டவள் அவள்.

இன்னொன்றும் தோன்றியது. "ரணம்பேட்ட" என்ற அரைகுறைச் சத்தம் அந்த இரைச்சலில் தனக்கு எப்படிக் கேட்டது? சூலூருக்குப் பிறகு காரணம்பேட்டைதான் வரும் என்று தெரியும். தெரிந்ததால் காது அதற்குக் காத்திருந்தது. கேள்வித்தாளிலும் அப்படித்தானே? கேள்விகள் வரிசையாக அச்சிட்டு முன்னாலேயே கையில் இருக்கின்றன. அடுத்து வரப்போவது விலாசமா, தேதியா, ஒரு பொருளின் பெயரா என்று முன்கூட்டியே பார்த்து வைத்தால், காது அங்கே போய் நின்று கொள்ளாதா?

காங்கேயத்தில் பஸ் நின்றதும் அவள் கதிரேசனின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இதையெல்லாம் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது. ஆனால் பல நாளுக்குப் பிறகு அவள் கண் மின்னியதைப் பார்த்தான்.

"இப்ப என்ன செய்யோணும்ங்கிறே?"

"அடுத்த வாரத்துல இருந்து இந்த வண்டியில பாட்டுக்குப் பதிலா என் கேசட்டப் போடோணுமுங்க. இந்த எரைச்சல்ல எனக்குக் கேட்டுச்சுன்னா அப்பறம் எங்க வேணும்னாலும் கேக்கும்."

அங்கப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அம்மணி, பாட்டு இல்லீன்னா எனக்குக் கொட்டாவி வருமே."

"பல்லடத்துல இருந்து காங்கேயம் வரைக்கும் மட்டும்ணா. திரும்பி வாரப்பவும் அதே தூரம். மத்ததெல்லாம் உங்க பாட்டுதான்."

அவர் மீசையைத் தடவிவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து, மதிய வேலை இருக்கும் நாட்களிலெல்லாம் பொற்கொடி அந்த வண்டியில் கேள்விப் புத்தகத்தோடு ஏறினாள். முதல் நாள் பல்லடம் தாண்டியதும் ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேச ஆரம்பித்ததும் வண்டியே திரும்பிப் பார்த்தது.

"ஏப்பா கதிரேசா, என்னப்பா இது? நியூசா?"

"காங்கேயம் வரைக்கும் பொறுத்துக்கங்க. எங்கூட்டுக்காரி பரீட்சைக்குப் படிக்கறா."

திரும்பும் வழியில் பொங்கலூரில் குழந்தையம்மாள் ஏறினார். சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். மகள் கோவையில் பிரசவித்திருந்ததால் தினமும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டு போவார். பொற்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏங்கண்ணு, அதுக ரெண்டும் எதுக்குச் சண்டை போடுதுக?"

"சண்டை இல்லீங்க. அந்தப் புள்ள படிக்கறதுக்கு வெளியூர் வந்திருக்குது. வாடகைக்கு ரூம் கேக்குதுங்க."

"கெடைச்சுதா?"

பொற்கொடி புத்தகத்தைப் பார்த்தாள். "நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னதுல அதை உட்டுட்டேனுங்க."

"அட, திருப்பிப் போடச் சொல்லு."

"பரீட்சையில திருப்பிப் போடமாட்டாங்க. ஒரே வாட்டிதானுங்க."

"ஒரே வாட்டியா?" குழந்தையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முன்னால் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். "ஏப்பா, கொஞ்சம் வாயை மூடுங்கப்பா! புள்ள படிக்குதல்ல?"

"பேசட்டுமுங்க, பேசட்டும். சத்தம் இருக்கோணும். அதுக்குத்தான் இங்க வந்தேன்" என்றாள் பொற்கொடி சிரித்துக்கொண்டே.

அன்று கதிரேசன் வழக்கத்தைவிட உரக்கவே ஊர்ப் பெயர்களைக் கூவினான். தப்பிப்போன கேள்விக்கு அவள் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவினாள். பத்தொன்பது வந்தது. அடுத்த முறை இருபத்துநான்கு. அந்த எண்ணைக் கதிரேசனிடம் விரல்களால் காட்டினாள். அவன் நீளமாக ஒரு விசில் அடித்தான். நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து அங்கப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

மூன்றே வாரத்தில் அந்த வண்டியின் வாடிக்கைப் பயணிகளுக்குக் கேசட் மனிதர்களெல்லாம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் என்ன நடந்தது என்று பொற்கொடி சொல்ல வேண்டும். சொல்லாமல் விடமாட்டார்கள். லண்டனில் குடையைத் தொலைத்தவர், கப்பலில் போக டிக்கெட் கேட்டவர், நூலகத்தில் சேர வந்த பையன், எல்லோரையும் பற்றி பொங்கலூரிலிருந்து பல்லடம் வரை கருத்துச் சொன்னார்கள். எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை வாங்கும் ஒருவர், குடையைத் தொலைத்தவன் வேண்டுமென்றே தொலைத்திருப்பான் என்று கடைசிவரை சாதித்தார்.

ஒருநாள் கேசட்டில் ஓர் எண் வந்ததும் குழந்தையம்மாள் பொற்கொடியின் தொடையில் தட்டினார். "தர்ட்டி சிக்ஸ்! தர்ட்டி சிக்ஸ்னு சொல்றான் கண்ணு, எனக்கே கேட்டுப்போச்சு!"

பொற்கொடி ஏற்கெனவே முப்பத்தாறு என்று எழுதியிருந்தாள். காட்டினாள். அந்தம்மாவின் முகத்தில் ஒரே பூரிப்பு. அன்று முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இருபத்தொன்பது. முப்பது. முப்பத்துமூன்று. ஓடும் பஸ்ஸில், வேகம் கூட்டிய கேசட்டில். நவம்பர் மூன்றாவது வாரம் அங்கப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அம்மணி, இன்னைக்கு எவ்வளவு?" என்று அவராகவே கேட்டார். கொட்டாவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மெட்ராஸில் நவம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை மழை கொட்டியது. சென்ட்ரலில் இறங்கியதிலிருந்து முழங்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பரீட்சை மண்டபத்துக்குள் போனபோது அவளுக்குக் கடைசி வரிசையில் இடம். மேலே தகரக் கூரை. மழை அதன் மேல் சரளைக்கல்லைக் கொட்டுவது மாதிரி விழுந்தது.

மேற்பார்வையாளர் ஜன்னல்களைச் சாத்தினார். டேப்பின் சத்தத்தை முழுதாகத் திருகினார். பட்டனை அழுத்தினார். இரண்டு வரி வந்ததுமே முன்னால் நான்கைந்து பேர் கை தூக்கினார்கள். ஒருவன் எழுந்தே நின்றான். டேப் நிற்கவில்லை.

பொற்கொடி கை தூக்கவில்லை. அவளுக்குக் கேட்டது. மழைக்கு அடியில், தெளிவாக, நிதானமாகக் கேட்டது. ரசாக் சொன்னது உண்மை. அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள்! ஓர் ஆள் விலாசத்தை எழுத்துக் கூட்டினான். கேள்வியில் "ஸ்ட்ரீட்" என்று முன்பே பார்த்து வைத்திருந்ததால் காது தயாராக இருந்தது. "டபுள் செவன்" வந்தது. இரண்டு ஏழு போட்டாள். பதினேழாவது கேள்வியில் ஓர் இடி முழக்கம் பதிலை விழுங்கியது. கோடு இழுத்தாள். பதினெட்டுக்குப் போனாள். கடைசிப் பகுதியில் ஒரு பேராசிரியர் கடற்கரை மண் அரிப்பைப் பற்றிப் பேசினார். அவள் கேட்டிராத சொற்கள் இரண்டு வந்தன. ஒலித்தபடியே எழுத்துக்கூட்டி எழுதினாள். டேப் நின்றபோது மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம், காலை ஒன்பதரைக்கு, தபால்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே அவள் கவரைப் பிடுங்காத குறைதான். முதலில் அந்த ஒரு வரியைத்தான் தேடினாள். கேட்பதில் ஏழரை. மற்ற மூன்றும் ஏழு. இரண்டாவது தடவை பார்த்தாள். ஏழரையேதான்.

வீட்டுக் கதவைச் சாத்தக்கூட மறந்து திருச்சி ரோட்டுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். காங்கேயத்திலிருந்து வரும் வண்டி தூரத்தில் தெரிந்ததும் ரோட்டோரம் நின்று காகிதத்தை ஆட்டினாள். அங்கப்பன் பார்த்துவிட்டார். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நிறுத்தினார். கதிரேசன் படிக்கட்டிலிருந்து குதித்தான்.

"என்ன ஆச்சு? சொல்லு!"

"ஏழரைங்க! ஏழரை!"

அவன் அவளைத் தூக்கியே விட்டான், நடுரோட்டில், பஸ் நிறைய ஆட்கள் பார்க்க. ஜன்னல் வழியாகக் குழந்தையம்மாள் தலையை நீட்டினார். பேரனைப் பார்த்துவரக் கிளம்பியவர்.

"பாசாயிட்டியா கண்ணு?"

"பாசாயிட்டேனுங்க!"

"அப்ப அந்த ரூம் தேடுன புள்ளைக்கு ரூம் கெடைச்சுதா இல்லியா, அதையாவது இப்பச் சொல்லு! ரெண்டு மாசமா மண்டைக்குள்ள இருக்குது."

"கெடைச்சுதுங்க. மாடியில, ஜன்னல் வெச்ச ரூமு."

"நல்லவேளை" என்று உள்ளே பார்த்துச் சொன்னார் குழந்தையம்மாள். வண்டிக்குள் ஆரவாரம் எழுந்தது.

1996 மார்ச்சில் பொற்கொடி விமானம் ஏறினாள். கதிரேசன் எட்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தான். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், குளிர் காற்று வீசும் ஒரு சிறிய ஊரில் அந்த மருத்துவமனை. முதல் வாரம் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளி, இடுப்பெலும்பு முறிந்த ஒரு செம்மறியாட்டுப் பண்ணைக்காரர். எழுபது வயது, பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டிருந்தார். அவர் பேசியது எந்தக் கேசட்டிலும் இல்லாத ஆங்கிலம். முதல் இரண்டு நிமிடம் அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பதறாமல் கட்டுப் போட்டுக்கொண்டே காதை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல ஆடு, வேலி, பனி, புல் என்று சொற்கள் கரையேறின. உங்கள் ஊரில் என்ன வளர்ப்பார்கள் என்று அவர் கேட்டார். அவள் காங்கேயம் மாடுகளைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு உயரம், கொம்பு எப்படி இருக்கும், வறட்சியைத் தாங்குமா என்று அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கொம்பின் வளைவைக் காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபோது, பக்கத்துப் படுக்கைக்காரரும் எழுந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்திருந்தார்.